அடித்து எழுதிய சொல்

பிப்ரவரி 6

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் அவருடைய கிருபையால் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அச்சகத்தில் அந்த முதுகில்லாத ஸ்டூலை மாற்றிக் கொடுத்தார்களா, இல்லை இன்னும் கூன் போட்டபடிதான் புரூஃப் பார்க்கிறாயா?

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைக்காதே. ஒரே அறை வீடு. பாத்ரூமில் நின்று பேசினாலும் இவருக்குக் கேட்கும். அதுவுமில்லாமல், போனில் நீ 'ம்' கொட்டுவாய், நான் அழுவேன். எழுத்தில் என்றால் கொஞ்சம் மனுஷியாக இருப்பேன். மேனேஜரம்மா இப்போதுதான் தூங்கினாள். இந்த வீட்டில் எல்லாரையும் அதட்டுகிறவள் அந்த ஒன்றரை வயதுக்காரிதான் என்பதால் அவள் அப்பா வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மலைமேல் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷின் பழுது பார்க்க இவரைக் கம்பெனியில் அனுப்பினார்கள் அல்லவா? அதை ஓட வைத்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து பேச்சே குறைந்துபோயிற்று. நேற்று துணி மடிக்கும்போது, பாப்பாவின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அங்க பெரிய டாக்டரம்மா என்னை வந்துடச் சொல்றாங்க. மிஷினெல்லாம் பாத்துக்க நிரந்தரமா ஒரு ஆள் வேணுமாம். வார்டுக்குப் பின்னாடியே வீடு தருவாங்க. சம்பளம் இப்ப வாங்கறதுல பாதிகூட வராது. ஜூனுக்குள்ள சொல்லணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்னைக் கேக்கணும்னு சொன்னேன். நீ என்ன சொல்ற?"

"ஜெபம் பண்ணலாம்" என்றேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

இன்று காலை அந்த டாக்டரம்மாவே போன் செய்தார்கள். நான் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் சொன்னது ஒரே வரி: "கர்த்தருக்குச் சித்தமானா வர்றோம் டாக்டர்."

அப்பாடா என்று இருந்தது. உனக்குத்தான் தெரியுமே. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகட்டுமா என்று கேட்டால் அப்பா "சித்தமானா பாக்கலாம்" என்பார். நாம் மறுபேச்சில்லாமல் பையிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவோம். அத்தை மகள் கல்யாணத்துக்கு அம்மா "சித்தமானா வந்துடறோம்" என்றதும், அத்தை நம் நாலு பேரையும் சாப்பாட்டுக் கணக்கிலிருந்து கழித்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகும் அந்தச் சொல்லுக்கு நம் வீட்டு அர்த்தம் மாறவில்லை.

ஆனாலும் இதை நினைத்தால் மனசு கொஞ்சம் பாரமாக இருக்கிறது. நீ ஜெபித்துக்கொள். ஜூனில் எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. உன் ஊர்க் கிளைக்கு இவர் முன்பே மாற்றல் கேட்டிருக்கிறார். நாம் பேசி வைத்தபடி உன் வீட்டு மாடிக்கே வந்துவிடலாம். மேலே இருப்பவர்கள் எப்போது காலி செய்கிறார்கள் என்று கேட்டு எழுது.

பெரியம்மாவுக்கு மேனேஜரம்மா ஒரு முத்தமும் ஓர் அறையும் அனுப்புகிறாள். இரண்டும் ஒரே சமயத்தில்தான் கிடைக்கும்.

அன்புள்ள,
வாலு


பிப்ரவரி 18

அன்பு வாலுவுக்கு,

கடிதம் வந்தது. நீ இளைத்துப்போயிருந்தாலும் அது நன்றாகக் கொழுத்திருந்தது, சந்தோஷம். நான் நலம். ஸ்டூல் மாறவில்லை. முதலாளி 'அடுத்த மாசம்' என்கிறார். எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று நானும் கேட்கவில்லை. கடிதத்தில் ஆறு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோமே.

மாப்பிள்ளை சொன்னதைப் படித்துச் சிரித்தேன். நம் வீட்டில் பெண்ணெடுத்து நாலே வருஷத்தில் நம் பாஷையைப் பிடித்துக்கொண்டாரே. டாக்டரம்மா மனசும் நோகாது, காரியமும் முடிந்தது. நீ நிம்மதியாகத் தூங்கு.

மாடி மே கடைசியில் காலியாகிறது. வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். படுக்கையறைக்குக் கிழக்கே பார்த்த சன்னல். வெளியே துணி காயப்போட இரண்டு கம்பி இருக்கிறது, ஒன்று துருப்பிடித்தது, மாற்றச் சொல்லியிருக்கிறேன். மாடிப்படிதான் கொஞ்சம் செங்குத்து. படி முகப்பில் ஒரு சின்னக் கதவு போட ஆள் பார்த்தாயிற்று. கொக்கி அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும் என்றேன். "எத்தனை வயசுக் குழந்தை?" என்றார் வெல்டர். "வயசைக் கேக்காதீங்க, குணத்தைக் கேளுங்க" என்றேன்.

காலையில் நான் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் அவளை என்னிடம் விட்டுவிட்டு நீ குளிக்கலாம், தலை வாரலாம், சும்மாகூட உட்கார்ந்திருக்கலாம்.

ஜெபிக்கிறேன். நீயும் எனக்காக வேண்டிக்கொள்.

அக்கா


மார்ச் 21

பிரியமான அக்கா,

நீ சுகமாயிருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்புக்கு மட்டும்தான் ஒன்றுமில்லை.

நேற்று சாயங்காலம் இவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மலையிலிருந்து டாக்டரம்மா. நல்ல குரல் அக்கா, எதிர்த்துப் பேசவே தோன்றாத குரல். "சன்னலுக்கெல்லாம் கொசுவலை அடிச்சாச்சும்மா. பாப்பாவுக்குக் கட்டில் எவ்வளவு உயரம் வேணும்னு தச்சர் கேக்குறார். நீங்க எப்ப வர்றீங்கன்னு வார்டுல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்கள். "சொல்றேன் டாக்டர்" என்று வைத்துவிட்டேன்.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"அங்க கட்டில் செய்யறாங்களாமே?"

"ஆமா. சும்மா பலகையில போதும்னு சொல்லியிருக்கேன்."

"நீங்க சித்தமானா வர்றோம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்படின்னா வரலைன்னுதானே அர்த்தம்?"

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு வயரும் மிஷினுக்குள் வேறு வயரும் இருந்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். "அப்படின்னா, அவருக்குச் சித்தமானா வருவோம்னு அர்த்தம். வேற எப்படி இருக்கும்?"

"எங்க வீட்ல அதுக்கு இல்லைன்னு அர்த்தம்."

"இல்லைங்கறதுக்குத்தான் 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை இருக்கே. அதை வச்சு என்ன பண்ணுவீங்க?"

இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்து வேதாகமம் படித்து விசுவாசத்துக்கு வந்தவர். அவருக்கு இந்த வார்த்தைகள் எல்லாம் புத்தம் புதிது. சொன்னது சொன்னபடி எடுத்துக்கொள்கிறார். நாம்தான் நாலு தலைமுறையாகப் புழங்கிப் புழங்கி, விருந்தாளியை வழியனுப்பும் மரியாதைப் பேச்சாக ஆக்கிவிட்டோம்.

மலையில் இருப்பவர்களுக்குக் கேட்டது 'சரி'. எனக்கும் உனக்கும் கேட்டது 'இல்லை'. ஒன்றரை மாதமாக நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அந்தப் பக்கம் வலை அடித்திருக்கிறார்கள்.

மேனேஜரம்மாவுக்குப் போன வருஷம் காய்ச்சலில் வந்த வலிப்பை நினைத்துப் பார். அந்தக் குளிரில் அவளை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? ஒன்று மட்டும் செய் அக்கா. எனக்காக உட்கார்ந்து ஜெபம் பண்ணு. உனக்கு ஏதாவது உணர்த்தப்பட்டால் எழுது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, என் இருதயம் அடிப்பது மட்டும்தான் கேட்கிறது. இவரும் உன் பேச்சை மதிக்கிறார். "அண்ணி சொன்னா அதுல ஏதாவது இருக்கும்" என்று நேற்றுகூடச் சொன்னார். நீ போ என்றால் போகிறோம், வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் பதிலுக்காகத் தபால்காரரின் பையையே பார்த்துக்கொண்டிருக்கும்,
வாலு


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நலம்தானே? பதில் வராததால் கேட்கிறேன். இடுப்பு அதிகமாகிவிட்டதா?

நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. போகத்தான் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மலையிலிருந்து போன் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பதினோரு மணிக்கு மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். "அடுப்புக் கடைங்களா? ரெண்டு பர்னர் இருக்கா?" என்றது ஓர் ஆண் குரல். இல்லை என்று வைத்த பிறகும், ரெண்டு பர்னர் என்றால் என்ன அர்த்தமாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். டிகிரி வாங்கியவள் நான்.

அடுத்தது இதைவிட மோசம். ஒரு மாதம் முழுக்கப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வராமல் இருந்தால் போகலாம் என்று அடையாளம் வைத்தேன். இரண்டாம் நாளே உடம்பு சுட்டது. சரி, விடை கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன் அக்கா. பிறகு பார்த்தால் கடைவாய்ப் பல் முளைக்கிறது. பல் காய்ச்சல் கணக்கில் வருமா வராதா என்று கர்த்தரோடு வாதாடிக்கொண்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் தெர்மாமீட்டரை அவள் கக்கத்தில் செருகினேன். அவள் அதைப் பிடுங்கி என் வாயில் வைத்தாள்.

இப்போது காய்ச்சல் இல்லை. நீ ஏதாவது எழுது.

வாலு


ஏப்ரல் 10

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. அச்சகத்தில் பாடப் புத்தக வேலை, நிமிர நேரமில்லை.

காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்ன மருந்தை உடனே கொடு. போர்வையைப் போட்டு மூடாதே. தெர்மாமீட்டரை அவளுக்கு மட்டும் உபயோகி.

நீ கேட்டதைப் பற்றி ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதும்படி ஒன்றுமில்லை. மாடியைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

படிக்குக் கதவு போட்டாயிற்று. நன்றாக வந்திருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

மூவரும் சுகம். நீயும் சுகம் என்று ஆறு வரியில் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் என் ஒற்றுப் பிழைக்கே அதைவிட நீளமாக எழுதுவாய்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பார்த்தேன். "உள்ளத்துல சமாதானம் இருக்காம்மா? அதுதான் அடையாளம்" என்றார். பாப்பா பிறந்த நாளிலிருந்து எனக்குச் சமாதானம் கிடையாது. வெங்காயம் வாங்கும்போதுகூட அழுகலை எடுத்துவிட்டோமோ என்றுதான் இருக்கும். அதைச் சொன்னால் நேரமாகும் என்று "இருக்குங்கய்யா" என்று சொல்லி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் ஆரம்பித்தேன். "கர்த்தர் இந்தக் காரியத்துல வழி திறக்கலைன்னு எனக்குத் தோணுது" என்றேன். இவர் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை.

"நீ வேணாம்னா வேணாம். இன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணிடறேன். ஆனா கர்த்தர் வேணாம்னு சொன்னார்னு மட்டும் சொல்லாத. நீ வேணாம்னு சொல்லு. அது போதும் எனக்கு."

மேனேஜரம்மா மேஜையைத் தட்டினாள். ஸ்பூனை எடுத்து மறுபடி ஊட்டத் தொடங்கினார். எனக்கு 'வேணாம்' என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஒருவேளை நிஜமாகவே அவருடைய சித்தமாக இருந்து, நான் குறுக்கே நின்றவள் ஆகிவிட்டால்? 'சரி' என்றும் வரவில்லை.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். ஒரு வரி போதும். உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறாய். எந்தப் பக்கம் என்றாலும் எழுது.

வாலு


மே 8

என் வாலுவுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமா என்று கேட்டால் இந்த முறை உண்மையைச் சொல்கிறேன்: அவ்வளவு நலமில்லை. உடம்புக்கு இல்லை.

நீ மார்ச்சில் எழுதிய கடிதத்துக்கு நான் உடனே பதில் எழுதினேன். தபாலில் சேர்க்கவில்லை. அதில் இருந்தது இதுதான்: 'இன்று அதிகாலை ஜெபத்தில் கர்த்தர் எனக்குத் தெளிவாக உணர்த்தினார், இந்தப் பயணம் உங்களுக்கு அல்ல.' எழுதி முடித்ததும் பழக்க தோஷம், ஒருமுறை புரூஃப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஒற்று, காற்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் அதிகாலையில் எனக்கு ஒன்றும் உணர்த்தப்படவில்லை. நான் விழித்திருந்தேன், மாடிச் சன்னலுக்குத் திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

நான் அப்படி எழுதியிருந்தால் நீ நம்பியிருப்பாய். மாப்பிள்ளையும் தலையாட்டியிருப்பார். நீங்கள் மாடிக்கு வந்திருப்பீர்கள், நானும் சந்தோஷமாக இருந்திருப்பேன். கிழித்துப்போட்டேன். இரண்டாவதாக ஒன்று எழுதினேன், அதில் தாராளமாக 'போய் வாருங்கள்' என்றிருந்தது. அதுவும் பொய். அதையும் கிழித்தேன். உன் கேள்வியில் எனக்குப் பங்கு இருக்கிறது என்பதை உன்னிடம் சொல்லாமல், நடுவில் நின்று பேசுகிறவள் மாதிரி என்னால் எழுத முடியவில்லை. அதனால்தான் ஆறு வரி.

இன்னொன்று. போன வாரம் உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்தேன். 'மனசு கொஞ்சம் பாரமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் முதலில் 'பயமாக' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறாய். அழுத்தித்தான் அடித்திருக்கிறாய், ஆனாலும் என் தொழிலே அதைப் படிப்பதுதானே. அன்றைக்கே என் கண்ணில் பட்டது. மாடி ஞாபகத்தில் பேசாமல் விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார். நம் வீட்டில் யாராவது 'பயமாக இருக்கிறது' என்று ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறார்களா? பாரம் என்றால்தான் கௌரவம். வேண்டாம் என்பதைச் சித்தமானால் என்று சொன்னோம், பயத்தைப் பாரம் என்று சொன்னோம், வரப் பிடிக்கவில்லை என்பதை வழி திறக்கவில்லை என்று சொன்னோம். இத்தனையையும் திருத்திப் படித்துத்தான் அவர் நம் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், பாவம்.

உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. எனக்கே இப்போதுதான் தெரிகிறது. முந்தாநாள் கட்டிலில் உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கலை. அவ பக்கத்துல வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழாய் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. ஆனால் அவரிடம் பேசியது நான்தான், வேறு யாரோ இல்லை என்று இருந்தது.

போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்காதே, நான் கட்சிக்காரி.

அக்கா


மே 19

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நலமா என்று கேட்கிறேன். நீ நலமில்லை என்று எழுதியதைப் படித்ததும்தான், இத்தனை கடிதத்தில் நான் உன் இடுப்பைத் தவிர வேறு எதையும் விசாரித்ததில்லை என்று உறைத்தது.

உன் கடிதம் வந்த அன்றே இவரிடம் பேசினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"எதுக்கு?"

எதற்கு என்று அதுவரை எனக்கே தெரியாது. குளிருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு என்னவோ வந்தது. அந்த வலிப்பு வந்த அன்று இவர் வேலையில் இருந்தார். போன் எடுக்கவில்லை. விறைத்துப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் தனியாக இருந்தேன். வாய் ஜெபிக்கவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை தலைமுறை விசுவாசம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மலையிலும் இவரை எந்நேரமும் கூப்பிடுவார்கள், நான் மறுபடி அப்படித் தனியாக உட்கார்ந்திருப்பேன், அப்போதும் ஒன்றும் வராது. அதைத்தான் சொன்னேன். கூடவே, "உங்ககிட்ட மட்டும் கர்த்தர் பேசறார். எங்கிட்ட ஏன் பேசலை?" என்றும் கேட்டுவிட்டேன்.

குழாயை மூடினார். "எங்கிட்ட எங்க பேசினார்?"

"பேசலையா?"

"இல்லையே."

"பின்ன எதை வச்சுக்கிட்டு இப்படி நிக்கறீங்க?"

"அந்த எக்ஸ்ரே மிஷின் ஒரு வருஷமா ஓடாம கிடந்துச்சு. எலும்பு முறிஞ்சவங்களை ஜீப்புல போட்டு, அந்தப் பாதையில குலுக்கிக் குலுக்கிக் கீழ கொண்டு வந்திருக்காங்க. ஒரு பெரியவரை அப்படி ஏத்தினதை நான் பார்த்தேன். எனக்கு அந்த மிஷினை ஓட வைக்கத் தெரியும். அதுக்கப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியலை. அவ்வளவுதான். சத்தமெல்லாம் ஒண்ணும் கேக்கலை." பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "உனக்குத்தான் ஏதாவது கேக்கும்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். நீதானே பிறந்ததுலேருந்து இதுல இருக்க" என்றார்.

அக்கா, நாலு மாதமாக ஒரே அறையில், ஒருவர் காதை இன்னொருவர் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. மேனேஜரம்மா வந்து இரண்டு பேரையும் அதட்டினாள்.

சிரித்து முடித்ததும் இவர் கேட்டார், "நீ அந்த இடத்தைப் பார்க்கவே இல்லையே. ஒரு வாரம் போய் இருந்து பார்த்துட்டு வருவோமா? பிடிக்கலைன்னா 'பிடிக்கலை'ன்னு டாக்டர்கிட்ட நீயே நேரா சொல்லு."

பார்க்காத வீட்டுக்காக நாலு மாதம் அடையாளம் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. வருகிற திங்கள் கிளம்புகிறோம்.

நீ தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். எனக்கும் உன் பக்கத்தில் இருக்க ஆசைதான். இதை அடிக்காமல் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

வாலு


ஜூன் 2

அக்காவுக்கு, மலைமேலிருந்து,

நீ எப்படி இருக்கிறாய்? உடம்பை மட்டும் கேட்கவில்லை. இங்கே பாப்பாவுக்கு லேசாக ஜலதோஷம், எனக்கு மூக்கு சிவந்திருக்கிறது, இவர் கிரீஸ் பூசிக்கொண்டு ஆனந்தமாக இருக்கிறார்.

வீடு இரண்டு அறை. சுவரில் ஈரம் இருக்கிறது, அலமாரிக் கதவு மூடாது. பின்வாசலைத் திறந்தால் பிள்ளைகள் வார்டின் துணி துவைக்கும் இடம். சுடுதண்ணீர் ஆவியும் டெட்டால் வாசனையும் எந்நேரமும் வரும். கடை என்று ஒன்றுதான், அதிலும் சோப்பு கேட்டால் மெழுகுவத்தி கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறதா என்றால், இல்லை, இன்னும் பிடிக்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் மத்தியானம் பாப்பாவுக்கு உடம்பு சுட்டது. இவர் மிஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வார்டுக்கு ஓடினேன். ஓர் இளம் நர்ஸ் அவளை வாங்கி மேஜையில் கிடத்தி, ஈரத் துணியை என் கையில் கொடுத்து, "நீங்க துடைங்கம்மா, நான் மருந்து எடுக்கறேன்" என்றாள். துடைத்தேன். வலிப்பு வரவில்லை. வந்திருக்கவும் கூடும். இதை அடையாளம் என்று நான் எண்ணவில்லை. நல்லதுக்கும் எண்ணவில்லை, கெட்டதுக்கும் எண்ணவில்லை. நாலு மாதமாக எல்லாவற்றிலும் அடையாளம் தேடிய எனக்கு, இந்தக் காய்ச்சல் வெறும் காய்ச்சலாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் காலுக்குக் கட்டுப் போட்ட ஒரு பையனோடு அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். "உங்களுக்கும் கை நடுங்குதாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தன் கையை நீட்டிக் காட்டினாள், அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அப்போது ஜெபம் வந்தது அக்கா. நீளமாக இல்லை. 'பயமா இருக்கு, கூட இரும்' என்று. அந்தப் பையனையும் சேர்த்துச் சொன்னேன்.

இன்று காலை டாக்டரம்மாவின் அறைக்கு நானே போனேன். குள்ளமாக, செருப்பில்லாமல் நின்று கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க வர்றோம் டாக்டர். எனக்குப் பயமாத்தான் இருக்கு, ஆனா வர்றோம்."

"நல்லதும்மா. பயம் எனக்கும் இருக்கு, வந்த நாள்லேருந்து. போன மழைக்கு இந்தக் கூரை ஒழுகுச்சு, இந்த மழைக்கும் ஒழுகும்" என்று துண்டைத் தேடினார்கள். அவ்வளவுதான் பேச்சு. வானம் திறக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இது அவருடைய சித்தம்தான் என்று உனக்குத் தோன்றுகிறதா? எங்கள் முடிவுக்காகக் கேட்கவில்லை, முடிவு எடுத்தாயிற்று. நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான்.

மாடியை வைத்து உன்னை இத்தனை மாதம் காக்க வைத்துவிட்டேன். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உன் வாலு


ஜூன் 14

என் பிரியமுள்ள தங்கைக்கு,

சளிக்கு ஆவி பிடி, மூக்குக்கு எண்ணெய் போடு. நான் எப்படி என்று உடம்பைத் தாண்டிக் கேட்டிருக்கிறாய். வருத்தமாக இருக்கிறேன். உன் கடிதத்தை அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னம்மா, புத்தகம் அவ்வளவு சோகமா?" என்றார். "ஆமா சார், கணக்குப் புத்தகம்" என்றேன்.

மாடியை வீட்டுக்காரரிடம் விட்டுக்கொடுத்துவிட்டேன். இரண்டு கிழவர்கள் வருகிறார்கள், அண்ணன் தம்பியாம். படிக்கதவைக் கழற்றட்டுமா என்று கேட்டார் வீட்டுக்காரர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இது அவருடைய சித்தம்தானா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு நீ அங்கே கஷ்டப்பட்டால் 'இல்லையோ' என்று தோன்றும். மாப்பிள்ளை மிஷினை ஓட வைத்து யாரோ ஒருவருடைய கால் பிழைத்தால் 'ஆமாம்' என்று தோன்றும். ஆனால் உன் கடிதத்தில் இந்த முறை அடித்தல் எங்கேயும் இல்லை. அதைத் தேடிப் பார்த்தேன், தொழில் புத்தி.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து என் காலை ஜெபம் உன்னில்தான் முடியும். உன் பெயர், மாப்பிள்ளை பெயர், பிறகு குழந்தையின் பெயர். கடைசியாக, 'இவர்களை என் பக்கத்தில் திரும்பக் கொண்டுவாரும்.' அப்புறம்தான் ஆமென். ஒருநாளும் விட்டதில்லை. அதைத் தவிர வேறு எதையும் அவரிடம் இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்டதுமில்லை.

இன்று காலை உட்கார்ந்தேன். உங்கள் மூன்று பேர் பெயரையும் சொன்னேன். அந்த மலையைச் சொன்னேன், ஒழுகும் கூரையைச் சொன்னேன், கை நடுங்கிய அந்தப் பெண்ணைச் சொன்னேன். பிறகு அந்தக் கடைசி வாக்கியம் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அது போகவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை என்று, அதைச் சொல்லாமலே ஆமென் சொன்னேன்.

அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூட்டை முடிச்சோடு மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுது.

அக்கா